கிணற்றடியில் சொன்னது

புத்தளத்து உப்பளமொன்றில் இருபத்தொரு வருஷம் வேலை செய்து ஓய்வுபெற்ற மஸாஹிருக்கு அங்கே பதவி என்று ஒன்றும் உயரவில்லை. உயர்ந்தது அவருடைய நாக்கின் மதிப்புத்தான். பாத்தியில் நிற்கிற கடல்தண்ணீர் வெயிலில் வற்றி எவ்வளவு முற்றியிருக்கிறது, எப்போது உப்பு விளைகிற பாத்திக்குத் திறந்து விடலாம் என்று அளப்பதற்குக் கந்தோர் மேசையில் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார்கள். கச்சான் காற்று வீசுகிற ஒரு காலத்தில் அது விழுந்து உடைந்துபோயிற்று. கொழும்பிலிருந்து புதியது வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் மஸாஹிர்தான் குழாய். வரம்பில் குந்திச் சுண்டுவிரலைத் தோய்த்து நாக்கில் வைப்பார். "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பார், இல்லாவிட்டால் "திற" என்பார். ஒரு பாத்தியிலும் பிழை வரவில்லை. இந்தக் கதையை அவர் கலியாண வீட்டிலும் சொன்னார், மரண வீட்டிலும் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனுக்கும் சொன்னார். மனைவி அஸீஸாவுக்கு அது மனப்பாடம். எந்த இடத்தில் கையைத் தூக்குவார், எந்த இடத்தில் சிரிப்பார் என்பதுகூடத் தெரியும்.

வெளியில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றும் அஸீஸாவுக்குத் தெரியும். வீட்டில் அவருடைய சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் மூடி நிறைய உப்பு இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் கறியை ருசி பார்க்க முந்தியே அதன்மேல் உப்பைத் தூவுவார். புத்தளம் கிளினிக்கில் டொக்டர் அஸீஸாவின் கடுதாசிகளைப் புரட்டிப் பார்த்து, "ரெண்டு கிட்னியும் களைச்சுப் போச்சு. உப்பைக் குறைங்க, நல்ல தண்ணி குடிங்க" என்று சொன்ன பிறகு, மூடிக்குப் பதிலாக ஒரு சின்னக் கோப்பை வந்தது. மனைவி உப்பில்லாமல் சமைக்கத் தொடங்கியதால்தான் தனக்கு இந்தக் கோப்பை என்று மஸாஹிர் நினைத்துக்கொண்டார். மூடி அதற்குப் பத்து வருஷம் முந்தியே வந்துவிட்டதை மறந்துபோனார். அப்படி மறக்கிறது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

தொண்ணூறில், யுத்தத்துக்குள் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து ஆலங்குடாவில் இறங்கிய சனத்தில் இவர்களும் இரண்டு பேர். ஓலைக் கொட்டில் தகரமாகி, தகரம் கல்லாகி, கடைசியில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாக ஒரு வீடு எழும்பிற்று. பூச்சு காயமுந்தி மகள் றிப்னாவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். இவர்களுடைய சனத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. அதை ஒருவர் வாய்விட்டுக் கேட்கவும் தேவையில்லை, மற்றவர் தருகிறேன் என்று சொல்லவும் தேவையில்லை. மருமகன் ஃபாஹிம் சுற்றிப்பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்குப் படகு ஓட்டுகிறவன், நல்ல பிள்ளை. அவன் முன் அறைக்கு வந்தான். மஸாஹிரும் அஸீஸாவும் பக்கத்தில் சுவரோடு சாய்த்து இறக்கிய பத்திக்குப் போனார்கள். இரண்டு பேரப்பிள்ளைகளும் ஆயிற்று. மகள் சமைத்து முடிக்கும் வரைக்கும் அடுப்புக்காகத் தாய் காத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை பிடித்து ஆறியிருக்கலாம்.

யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம் மஸாஹிர் ஓய்வுபெற்றார். கையில் வந்த சேமலாப நிதிக் காசைத் துணியில் சுற்றிப் பெட்டகத்துக்குள் வைத்துவிட்டு, காணி பார்க்கப் புறப்பட்டார்கள்.

"எனக்கு மாளிகை வேணாம்" என்றாள் அஸீஸா. "ஒரு குசினி. ஒரு நல்ல தண்ணிக் கிணறு. ரெண்டும் போதும்."

முதலில் மன்னாருக்குத்தான் போய்ப் பார்த்தார்கள். வீடு நின்ற இடத்தில் பாலை மரமும் வீரை மரமும் நின்றன. எல்லைக் கல்லைத் தேடிக் காலெல்லாம் முள் கிழித்ததுதான் மிச்சம். அஸீஸா அழவில்லை. "இதுல வந்து காடு வெட்ட எங்களுக்கு வயசில்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

இரண்டாவது, வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு காணி. செம்மண். ஆழமான கிணறு, கயிறு இழுத்து இழுத்துக் கை கடுத்துப்போகும். அந்தத் தண்ணீரை அஸீஸா ஒரு கோப்பை குடித்தாள். பிறகு கேட்டு வாங்கி இன்னொரு கோப்பை குடித்தாள்.

"இளனி மாதிரி இரிக்கி" என்றாள். "இது போதும் எனக்கு."

"ஆனை வருமாம்."

"ஆனை எல்லாருக்கும்தான் வருது. சனம் இரிக்கிதானே."

"ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஒரு நாளைக்கு ரெண்டுதான். உனக்கு ராவையில ஒண்டு எண்டா நான் ஆனையிலயா ஏத்திக் கொண்டு போற?"

அதில் ஞாயம் இருந்தது. திரும்பி வருகிறபோது அஸீஸா பஸ் யன்னலால் அந்தக் கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மஸாஹிர் அதைக் கண்டார். கண்டும் காணாதவர் போல் நடத்துநரோடு கதை கொடுத்தார்.

மூன்றாவதைக் காட்டியவன் யாகப்பு. முந்தல் தொடக்கம் சிலாபம் வரைக்கும் எந்தக் காணி விலைக்கு இருக்கிறது, எந்தக் காணிக்கு வழக்கு இருக்கிறது என்பதெல்லாம் அவனுடைய தலைக்குள் இருந்தது. தமிழில் விலை சொல்லிச் சிங்களத்தில் சத்தியம் பண்ணுகிற தரகன். தை மாசம் நடுவில், மழை விட்டு ஒரு கிழமைக்குப் பிறகு, தன் மோட்டார் சைக்கிளை முன்னால் விட்டு இவர்களை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். முந்தல் சந்தியிலிருந்து, கடல்தண்ணீர் உள்ளே வந்து நிற்கிற களப்புப் பக்கம் திரும்பி ஒரு மைல். நாற்பது பேர்ச், கால் ஏக்கர். பழைய காவல்காரன் இருந்த கல் அறை ஒன்று, கூரையோடு நின்றது. ஆறு தென்னை. கட்டுக் கிணறு ஒன்று. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சதுரம் சதுரமாகக் குளங்கள், மழைத் தண்ணீர் நிரம்பிப் பளபளவென்று கிடந்தன.

"அதெல்லாம் பழைய இறால் பண்ணை, நானா" என்றான் யாகப்பு, மஸாஹிரை அண்ணன் முறை வைத்து. "இறாலுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்து முதலாளிமார் விட்டுட்டுப் போய்க் கன வருஷம். இப்ப கொக்குக்குத்தான் சொந்தம். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல. மணமும் இல்ல, சத்தமும் இல்ல."

"இந்த விலைக்கு ஏன் விக்கிறாங்க?"

"உடமைக்காரர் சிலாபத்துல. வயசாளி. பிள்ளையள் எல்லாம் இத்தாலியில. ஆர் வந்து பாக்கிறது? எனக்கு அவர் சொன்னது ஒரே ஒரு கதை: யாகப்பு, நல்ல மனிசருக்குக் குடு. ஹரி, சரி எண்டு நான் நல்ல மனிசரைக் கூட்டியாந்திருக்கிறன்."

மஸாஹிர் காணியைச் சுற்றி நடந்தார். பள்ளிவாசல் கிட்ட. பஸ் பாதை ஒரு மைல். களப்புக் காற்று முகத்தில் அடித்தது. குளத்துக் கரையெல்லாம், கிணற்றடி வரைக்கும், உமரி படர்ந்து கிடந்தது. தடித்த சின்ன இலை, அடி சிவந்த தண்டு. உப்பளத்து வரம்புகளில் இருபத்தொரு வருஷம் அவர் காலடியில் மிதிபட்ட செடி. உப்பு மண்ணைத் தவிர வேறு மண்ணில் அது இப்படிக் கொழுக்காது என்று எந்தக் கூலிக்காரனும் சொல்வான், மஸாஹிரும் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு அதைக் கண்டவுடன் அவருக்குத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. குனிந்து ஒரு இணுக்கைக் கிள்ளி மென்றுகொண்டே கிணற்றடிக்குப் போனார். அந்த மனுஷனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இப்போது கேட்டு என்ன பயன்? ஐம்பத்தெட்டு வயதில், பிறருடைய நிலத்தில் கிடந்து கிடந்து சலித்தவனுக்கு, சொந்தம் என்று சொல்லக்கூடிய மண்ணில் கால் வைத்த சந்தோஷம்.

தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. யாகப்பு வாளியால் மொண்டு கொடுத்தான். மஸாஹிர் சுண்டுவிரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். பிறகு கையால் அள்ளிக் குடித்தார். வழக்கமான கதையை யாகப்புக்கும் சொன்னார்: கண்ணாடிக் குழாய், மூன்று கிழமை, "திற".

"மதுரம்" என்றார் முடிவில். "தேன் தண்ணி."

அஸீஸாவும் ஒரு கை அள்ளிக் குடித்தாள். இரண்டாவது கை அள்ளவில்லை.

"இஞ்ச பாருங்க," என்றாள் மெல்ல. "லேசாக் கரிக்கிற மாதிரி இரிக்கி."

"என்னா?"

"கரிக்கிது. வண்ணாத்திவில்லுத் தண்ணி மாதிரி இல்ல."

மஸாஹிர் யாகப்பைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா தம்பி? இருபத்தொரு வருஷம் உப்புத் தண்ணியை நாக்குல வச்சுச் சோறு திண்டவன் நான். கந்தோர்க் குழாய் பிழைச்சாலும் இது பிழைக்காது. எனக்கு இவ உப்புப் படிச்சுத் தாறா."

"நானாட நாக்குக்கு மேலயா, ராத்தா?" என்று அஸீஸாவைப் பார்த்து யாகப்பும் சிரித்தான்.

அஸீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல் அறையைப் பார்க்கப் போனாள். உள்ளே ஒரு மூலையில் அடுப்புக்கல் மூன்று கிடந்தது. அவள் அந்த இடத்தில் கொஞ்சநேரம் நின்றாள். வெளியில் வந்தபோது, "குசினி நல்ல வெளிச்சம்" என்று மட்டும் சொன்னாள். மஸாஹிர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மாசி பிறக்குமுன் காணி உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது.

முதல் மூன்று மாசத்தைச் சந்தோஷமான காலம் என்றுதான் சொல்லவேண்டும். மஸாஹிர் கிடுகு வேலி அடைத்தார், சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார், குசினிக்கு ஒரு பலகைத் தட்டு வைத்துக் கொடுத்தார். அஸீஸா தன்னுடைய அடுப்பில், தனக்கு நினைத்த நேரத்தில் சமைத்தாள். காலையில் எழும்பி ஒருவரையும் காத்திராமல் தேத்தண்ணி ஊற்றினாள். ஒழுங்கை முனை வீட்டு றுக்கியா வந்து வெற்றிலை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்து போவாள். அவள் குடிக்கத் தண்ணீர் அள்ளுவது பள்ளிவாசல் தாங்கியில். பிரதேச சபை பௌசர் லொறி அதில் கிழமைக்கு இரண்டுதரம் தண்ணீர் நிரப்பும். பிளாஸ்டிக் கானில் சுமந்து வருவாள். ஏன் என்று அஸீஸா கேட்கவில்லை, றுக்கியாவும் சொல்லவில்லை. காணி வாங்கி முடிந்தவர்களிடம் அதைச் சொல்லி என்ன செய்வது என்று நினைத்திருப்பாள்.

சித்திரைக்குப் பிறகு வானம் வெளுத்தது. பின்னாலிருந்த குளங்கள் ஒவ்வொன்றாக வற்றிச் சேறு வெடித்து, வெடிப்போரம் வெள்ளை படிந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போயிற்று. நட்ட கொச்சி மிளகாய்க் கன்றுகளில் இலை நுனி கருகியது. "வெயில்" என்றார் மஸாஹிர். உடுப்புத் தோய்க்கிறபோது சவுக்காரம் நுரைக்கவில்லை என்றாள் அஸீஸா. அவர் வேறு சவுக்காரம் வாங்கிவந்தார். தேத்தண்ணி கறுத்துச் சப்பென்று இருந்தது. தூள் கலப்படம் என்று முந்தல் கடைக்காரனோடு சண்டைக்குப் போனார். பால் ஊற்றினால் திரைந்தது, பால்காரனை மாற்றினார். ஊரில் உள்ள எல்லாரும் அவருக்குப் பிழையாய்த் தெரிந்தார்கள், கிணறு ஒன்றைத் தவிர. அஸீஸாவின் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அமர்த்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நடை கூடிப்போயிற்று என்று சொல்லி அவர் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். தினமும் பின்னேரம் பொறுமையாகத் தேய்த்தார். அன்பில் குறை வைக்கவில்லை அந்த மனுஷன்.

ஆடியில் நோன்பு வந்தது. டொக்டர் வேண்டாமென்று சொல்லியும் அஸீஸா நோன்பு பிடித்தாள். பதினேழாம் நோன்புக்கு றிப்னா பிள்ளைகளோடு வந்தாள். அஸீஸா கஞ்சி காய்ச்சி, ஈச்சம்பழம் எடுத்து வைத்து, கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பாய் விரித்தாள். பாங்கு கேட்டது. றிப்னா ஈச்சம்பழத்தைக் கடித்துவிட்டுத் தண்ணீரை வாயில் வைத்தாள். வைத்தவள் எழும்பி ஓடி வாசலில் துப்பினாள்.

"உம்மா! இது என்னா தண்ணி? களப்புலயா மொண்டீங்க?"

மஸாஹிர் தன் கோப்பையைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார். மிச்சத்தையும் குடித்தார். ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தானே இரிக்கி."

"வாப்பா, வாயில வைக்க ஏலா இத. இதயா உம்மா குடிக்கிறா? கிட்னிக்காறி இதயா குடிக்கிறா?"

"வாயக் கொப்புளிச்சிட்டுக் கஞ்சியக் குடி, மகள்" என்றாள் அஸீஸா. "கஞ்சியில தெரியாது."

பேரப்பிள்ளை ஒன்று தன் கோப்பையைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தது. மஸாஹிர் எழும்பித் தொழப் போனார். மஃரிபு தொழுது முடித்தும் பாயிலேயே இருந்தார். எத்தனை ரக்அத் தொழுதோம் என்ற நினைப்பு அவருக்கு இல்லை.

மறுநாள் காலை மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்து அஸீஸாவுக்கு முன்னால் குந்தினார். அவள் தடுக்கில் காலை நீட்டி இருந்தாள்.

"எத்தன நாளா இப்பிடி?"

"எது?"

"தண்ணி."

"வந்த நாள் தொட்டு. மழைக்கு லேசா இரிந்திச்சு. இப்ப கூட."

"நீ ஏன் சொல்லல்ல?"

"சொன்னன்."

"எப்ப சொன்ன?"

"தை மாசம், கிணத்தடியில. அந்தத் தரகர்ப் பொடியனும் நிண்டான். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

மஸாஹிர் நிலத்தைப் பார்த்தார். "ரெண்டாந்தரம் சொன்னா என்னா?" என்றார். கோபப்படுவதற்கு வேறு ஒரு இடமும் கிடைக்காததால் குரல் உயர்ந்துவிட்டது. "உசிரு போற விசயம். நான் சிரிச்சா? நான் சிரிச்சா நீ சொல்லாம விடறதா?"

"ரெண்டாந்தரம் சொல்லக்குள்ள காணி எங்கட பேர்ல எழுதியாச்சு. காசு முடிஞ்சிது. சொல்லி என்னா செய்யிற? மகள்ட பத்திக்குப் போறதா?"

"எண்ட நாக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"உங்கட நாக்குச் செத்து எவ்வளவோ காலம்" என்றாள் அஸீஸா. சொல்லிவிட்டு அவளே தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "முத்தின தண்ணி தெரியும் உங்களுக்கு. லேசான உப்புத் தெரியாது. மீன் ஆணத்துக்கு உப்பே போடாம ஒரு நாள் வச்சுப் பாத்தன், றிப்னா ஸ்கூல் போற காலம். நல்லா இரிக்கி எண்டு திண்டீங்க. அதுக்குப் புறகுதான் அந்த மூடிய வச்சன்."

"அப்பவாவது சொல்லியிரிக்கலாம்."

"எப்பிடிச் சொல்ற? ஊரெல்லாம் அந்தக் குழாய்க் கதையச் சொல்லிக் கொண்டு திரியிறீங்க. உங்களுக்கெண்டு இரிந்தது அது ஒண்டுதானே."

வேலிக்கு வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"வித்துப்போடுவம்" என்றார் மஸாஹிர். "நாளைக்கே யாகப்புக்குச் சொல்றன். வித்துட்டு வண்ணாத்திவில்லுக்குப் போவம். ஆனை வந்தா வரட்டும்."

"இந்தக் கோடையில ஆரு வாங்குவாங்க?"

"தை வரைக்கும் பொறுத்தா ஒருத்தன் வருவான்."

"ஓம், தையில வந்து பாத்தா ஆரும் வாங்குவாங்கதான். நாங்க வாங்கல்லயா?" அஸீஸா வீங்கிய காலை மெல்ல மடக்கினாள். "அவனுக்கும் பொண்டாட்டியெண்டு ஒருத்தி இரிப்பாள்."

அன்றிலிருந்து மஸாஹிர் சைக்கிளில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் தாங்கிக்குப் போனார். பௌசர் வராத நாளில் முந்தல் வரைக்கும் போனார். அவளுடைய வாய்க்குள் ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் போக விடவில்லை. சோறு, கஞ்சி, மருந்து எல்லாம் கான் தண்ணீரில். தனக்கு மட்டும் கிணற்றிலே மொண்டு குடித்தார். அஸீஸா வேண்டாமென்று சொன்னாள், கேட்கவில்லை. ஐந்து மாசமாகச் சேர்ந்ததை ஐந்து கிழமையில் கழுவிவிடலாம் என்று அவர் நம்பினார். உடம்பு அப்படிக் கணக்குப் பார்க்கிறதில்லை. புரட்டாசி முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள். புத்தளத்திலிருந்து குருநாகலுக்கு அனுப்பினார்கள். குருநாகலிலிருந்து, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஐப்பசி தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லமுந்தி, தன்னுடைய குசினி வாசலில் விரித்த பாயில் அஸீஸா மௌத்தானாள். மழை இன்னும் தொடங்கவில்லை.

மையித்தைக் குளிப்பாட்டக் கல் அறைக்குள் சேலைத் திரை கட்டினார்கள். றுக்கியாவும் இன்னும் இரண்டு பெண்களும் உள்ளே நின்றார்கள். மஸாஹிர் வெளியே சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார். கிணற்றிலிருந்து மருமகன் ஃபாஹிம் மொண்டு மொண்டு வாளியை வாசலில் வைத்தான். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"சவுக்காரம் நுரைக்குதில்லயே" என்றாள் ஒருத்தி.

"இந்தக் கிணத்துத் தண்ணியில நுரைக்காது" என்று றுக்கியா சொன்னாள். "மெல்லக் கதைங்க. அந்த மனிசன் வெளிய இரிக்கிறார். ஆரையும் பள்ளித் தாங்கிக்கு அனுப்புங்க."

அனுப்பவேண்டிய ஆளை ஒருவரும் தேட வேண்டியிருக்கவில்லை. மஸாஹிர் எழும்பி, சைக்கிளை எடுத்து, இரண்டு கான்களையும் கட்டிக்கொண்டு தானே போனார். வழியில் சலாம் சொன்னவர்களுக்குப் பதில் சொன்னார். திரும்பி வந்து கான்களைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தத் தண்ணீரில் அவளைக் கழுவிக் கபனிட்டு, அஸருக்கு முன் அடக்கினார்கள்.

அவளுக்காகக் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் மஸாஹிர் ஒரு எவர்சில்வர் தட்டில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தார். அது உப்பளத்தில் சேர்ந்த முதல் கிழமையே எல்லாருக்கும் பழக்குகிற வேலை: சந்தேகம் என்றால் தட்டில் வற்றவிட்டுப் பார். பின்னேரம் தட்டின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. சுண்டுவிரலால் வழித்து நாக்கில் வைத்தார். அந்த உப்பு அவருக்குத் தெரிந்தது. தை மாசமே இதைப் பார்க்க ஒரு தட்டும் ஒரு பகல் வெயிலும் போதுமாக இருந்திருக்கும். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார். ஒழுங்கை முனைவரைக்கும் கேட்டதாக றுக்கியா பிறகு சொன்னாள்.

கார்த்திகை மார்கழி மழை நல்லாய்ப் பெய்தது. குளங்கள் நிரம்பின, கொக்குகள் வந்தன, உமரி தளதளவென்று படர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியது. றிப்னாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து வீட்டில் மூச்சுவிட இடமில்லை. ஆனாலும் ஃபாஹிம் வந்து மரியாதையாகக் கேட்டான். "மாமா, இங்க தனிய இரிக்க வேணாம். இத வித்துப்போட்டு வாங்க. அந்தக் காசுல பின்பக்கம் உங்களுக்கெண்டு ஒரு அறை எடுப்பம்." விற்காமல் போனால் அறை இல்லை. அவன் அதைச் சொல்லவில்லை, மஸாஹிருக்கு விளங்கியது. யாகப்புக்கு ஆள் அனுப்பினார்.

தை பத்தாம் திகதி யாகப்பு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஹிஸ்புல்லா என்று ஒருவர், கொழும்பில் பாடசாலைக் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப் பைக்குள் இரண்டு பேனை. மனைவி பளீலா மெலிந்த பெண். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு நாலடி பின்னால் வந்தாள்.

"பாருங்க சேர், எவ்வளவு அமைதி" என்றான் யாகப்பு. "மணமும் இல்ல, சத்தமும் இல்ல. நானா இங்க ராசா மாதிரி இருந்தவர். மனிசி மௌத்தானபடியால்தான் விக்கிறார். இல்லாட்டி விப்பாரா?"

ஹிஸ்புல்லாவுக்குக் காணி பிடித்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது. வேலியை அசைத்துப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தென்னையை எண்ணினார். முப்பத்தைந்து வருஷம் வாடகை வீட்டில் இருந்ததைப் பற்றிச் சொன்னார். மஸாஹிருக்கு அந்த மனிதரைப் பிடித்தது.

கிணற்றடிக்கு வந்தார்கள். யாகப்பு வாளியால் மொண்டு ஹிஸ்புல்லாவிடம் நீட்டினான். அவர் ஒரு மடக்குக் குடித்துத் தலையை ஆட்டினார்.

"நல்ல தண்ணி."

"அவங்களுக்கும் குடுங்க" என்றார் மஸாஹிர்.

யாகப்பு அவரைத் திரும்பிப் பார்த்தான். பளீலா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கை அள்ளிக் குடித்தாள். கையை முக்காட்டு நுனியில் துடைத்தாள். கணவனுடைய முகத்தைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள்.

"லேசா ஒரு மாதிரிக் கரிக்கிது" என்றாள், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல.

ஹிஸ்புல்லா சிரித்தார். "இவக்கு எங்க போனாலும் ஒரு குறை. கொழும்பு பைப் தண்ணி குடிச்சுப் பழகின வாய்." மஸாஹிர் பக்கம் திரும்பினார். "நீங்க குடிக்கிற தண்ணிதானே, நானா? நீங்க சொல்லுங்க."

யாகப்பும் சிரிப்பதற்கு வாயைத் திறந்திருந்தான். பளீலா பின்னால் நகர்ந்து, அஸீஸாவின் குசினிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

மஸாஹிர் வாளியை யாகப்பின் கையிலிருந்து வாங்கினார். அதிலிருந்த தண்ணீரை உமரியில் ஊற்றிவிட்டு, வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"தங்கச்சி சொல்றது சரி" என்றார்.